மூன்று இழுப்பு, ஓர் ஊதல்

செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டைத் திறந்ததும் நர்மதாவின் கண்ணில் பட்டது ஒரு சிட்டிகை மரச்சுருள். டபுள் பாஸை நிறுத்தி வைத்திருந்த தாங்கிக்குக் கீழே, முந்தின நாள் சாயங்காலம் அவளே உதறி விரித்த நீலத்துணியின் மேல், பூனை முடி மாதிரி மெல்லிசாக, வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது. குனிந்து எடுத்து முகர்ந்தாள். ஸ்ப்ரூஸ் மரம், பாஸின் மேல் பலகைக்குப் போடுகிற மரம். பழைய சுருளாக இருந்தால் வாசனை செத்திருக்கும். இது சீவிக் கால் மணி நேரம்கூட ஆகாத மரத்தின் வாசனை, மூக்கில் ஏறி நெற்றிக்குள் நிற்கிற பிசின் வாசனை.

அந்த ஷெட்டில் ஸ்ப்ரூஸ் பலகையை யாரும் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது.

கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் அவள் புருஷன் ரமேஷ்குமாரின் குடும்பம் கடலை மூட்டை அடுக்கி வைத்த கொட்டகை அது. இப்போது மூன்று பக்கமும் தொழிற்சாலை மதில்கள். மார்கழி பிறந்தால் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த மதில்களில் முட்டித் திரும்பி, தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போடும். வாளையாறு பக்கம் போகிற சரக்கு ரயிலின் அதிர்ச்சியில் சுவரில் மாட்டிய உளிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, பலகையை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதுதான் பதினாலு வருஷமாக அவள் பிழைப்பு.

டபுள் பாஸ் என்பது வயலின் வம்சத்திலேயே பெரியது. ஆளைவிட உயரம். வாசிக்கிறவர் நின்றபடி, ஒரு மனுஷனை அணைத்துக்கொள்கிற மாதிரி அணைத்துத்தான் வாசிக்க வேண்டும். கையாலேயே இழைத்து, வளைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி அதைச் செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மும்பையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் மேடைக் கலைஞர்கள் அவளைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள், போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் டிஜோவின் பாஸ் உடைந்தது. கொச்சிக்காரப் பையன். அவள் செய்து கொடுத்து நாலே மாதத்தில், நிறைந்த சபைக்கு முன்னால், மேடையில் வைத்து அதன் மேல் பலகை தேங்காய் மாதிரி பிளந்து உள்ளே போய்விட்டது. திரும்பி வந்த துண்டுகளை நர்மதா அளந்து பார்த்தாள். ஏழரை, எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது. அந்தப் பலகையின் உள்பக்கத்தை இழைத்தவன் சுடலை. தேவிகுளத்துக்காரன், அவளிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவன்.

"எங்க ஆத்தா மேல சத்தியமா ஏழரைல நிறுத்திட்டேன்க்கா" என்றான் அவன்.

"அப்பறம் என்ன, பலகை தானாவா தேஞ்சுது? இனிமே இந்தப் பக்கம் வந்தராத சுடலை."

அவன் உளிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். பதினாலு மாதமாக ஒரு போன்கூடக் கிடையாது. அவளும் பண்ணவில்லை.

அதற்கப்புறம் யாரும் அவளிடம் பாஸ் கேட்டு வரவில்லை, அனந்தநாராயணன் ஒருவரைத் தவிர. கல்பாத்திக்காரர். முப்பது வருஷமாக மும்பையில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறார். "உடைஞ்சா உடையட்டும் நர்மதா, நேக்கு உங்க கையாலதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லுக்காக இந்தப் பாஸின் ஒவ்வொரு அங்குலத்தையும் அவளே செய்திருந்தாள். உள்பக்கம் இழைத்து, அளந்து, மறுபடியும் அளந்து, நடுவில் எட்டு மில்லிமீட்டர் என்று உறுதிப்படுத்திக்கொண்டு மேல் பலகையை ஒட்டிப் பெட்டியை மூடியது கார்த்திகையில். வார்னிஷ் ஆகி, கம்பி பூட்டி, போன வாரம் முழுக்கச் சத்தம் பழகவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

சுருளைக் குப்பையில் போட்டாள். எங்கேயோ இடுக்கில் ஒட்டியிருந்தது காற்றுக்கு உதிர்ந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஒரு கைப்பிடி கிடந்தது.

"எலியா இருக்கும் அம்மிணி" என்றான் ரமேஷ்குமார். சாயங்கால ஷிப்டுக்காரன், அப்போதுதான் எழுந்து டீ டம்ளரோடு வந்து நின்றான்.

"எலி கடிச்சா பொடியாத்தானுங்க வரும். இது சீவுன சுருளு."

"எலி எதுல போச்சு, அந்த ஓட்டைலயா?"

மேல் பலகையில் இரண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்தில் வெட்டிய நீளத் துளைகளைக் காட்டினான். இரண்டு விரல் நுழையும். மூன்றாவது விரல் நுழையாது.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, வயரில் தொங்குகிற சின்ன பல்பைத் துளை வழியாக உள்ளே இறக்கி, பல் டாக்டர் கண்ணாடியை இன்னொரு துளையில் நுழைத்துப் பார்த்தாள். பெட்டிக்குள் மஞ்சள் வெளிச்சம் ஓர் அறை மாதிரி நிறைந்தது. முதுகுப் பலகை, பக்கப் பலகைகள், மேல் பலகைக்கு முட்டுக்கொடுத்து நடுவில் தூண் மாதிரி நிற்கிற போஸ்ட், எல்லாம் அவள் விட்டபடியே இருந்தன. கண்ணாடியைத் திருப்பி மேல் பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் மரம் லேசாகப் பழுத்திருக்க வேண்டும். பழுக்கவில்லை. அப்போதுதான் சுரண்டின மாதிரி பளீரென்று வெள்ளையாக இருந்தது.

மூடிய பெட்டியின் பலகையை அளக்க ஒரு கருவி உண்டு. துளை வழியாக ஒரு சின்னக் காந்தத்தை உள்ளே விட்டு, வெளியே பேனா மாதிரிக் குழாயை வைத்து நகர்த்தினால், நடுவிலிருக்கிற மரத்தின் தடிமன் தெரியும். நர்மதா வைத்து அளந்தாள். ஆறு. தள்ளி வைத்தாள். ஐந்தரை. கம்பிகளைத் தூக்கி நிறுத்துகிற குதிரைக்கு அடியில், நாலு கம்பியின் பாரமும் வந்து இறங்குகிற இடத்தில், ஐந்து.

குழாயை எடுத்தாள். குழாயை எடுத்தால் உள்ளே ஒட்டியிருக்கிற காந்தம் டக்கென்று கீழே விழ வேண்டும்.

விழவில்லை.

அவள் காத்திருந்தாள். தகரம் ஒருமுறை தூக்கிப் போட்டது. பெட்டியை லேசாக அசைத்தாள். எதுவும் உருளவில்லை. பல்பை இன்னும் உள்ளே இறக்கித் தேடினாள். காந்தத்தைக் காணோம்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு சங்கு ஊதி அடங்கியபோது, காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றது. கூரை நின்றது. பனை ஓலைகளின் சலசலப்பு நின்றது. பஞ்சை அடைத்த மாதிரி ஷெட்டுக்குள் ஒரு கனத்த அமைதி இறங்கியது. அந்த அமைதிக்குள் அதைக் கேட்டாள்.

சர்ர். சர்ர். சர்ர்.

பிறகு, ஊஃப்.

அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும். இரும்புத் தகட்டை வைத்துப் பலகையைச் சுரண்டும்போது மூன்று இழுப்பு இழுத்து, வாயால் ஒரு ஊது ஊதித் தூளைப் பறக்கவிடுவது. ஆறு வருஷம் இதே ஷெட்டில், இதே மேஜையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து சுடலை அப்படித்தான் வேலை செய்தான்.

எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில், சத்தம் வராமல், பாஸின் முன்னால் போய் நின்றாள். சர்ர். சர்ர். குனிந்து மேல் பலகையில் காதை வைத்தாள்.

நின்றுவிட்டது.

மரம் கன்னத்தில் சில்லென்று இருக்க வேண்டும். இல்லை. பக்கத்தில் ஆள் படுத்து எழுந்த பாய் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயும் அதே மாதிரி ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. எவ்வளவு நேரமோ தெரியாது. யார் முதலில் விடுவது என்கிற மாதிரி.

பிறகு எஃப் துளையிலிருந்து, அவள் கழுத்தோரத்தில், சூடாக, மரத்தூளோடு.

ஊஃப்.

அவள் பின்னால் விழுந்ததில் மேஜை விளிம்பு முதுகில் இடித்தது. கழுத்தில் ஒட்டிய தூளைத் துடைத்தாள். பிறகு அவளுக்குள் இருந்த தொழில்காரி எழுந்தாள். ஐந்து மில்லிமீட்டர் பலகை கம்பியின் பாரத்தைத் தாங்காது. நாலு கம்பிகளையும் தளர்த்திக் கழற்றினாள். குதிரையை எடுத்து மேஜையில் வைத்தாள். நீள இடுக்கியைத் துளைக்குள் விட்டு, தட்டுத்தடுமாறி, போஸ்டைப் பிடித்து வெளியே எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டியைப் பிரிக்கிற மெல்லிய கத்தியை எடுத்து விளிம்பில் வைத்தாள். வஜ்ஜிரம் போட்டு ஒட்டியது, நுனியைச் செருகித் திருகினால் விட்டுக்கொடுத்துவிடும். அரை மணி நேர வேலை.

கத்தி நுனி மரத்தைத் தொட்டதும் உள்ளே ஏதோ நகர்ந்து கிட்டே வந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டுப் பரபரப்போடு எழுந்து வருகிற மாதிரி, ஆசையாக.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

வெளியே வந்து, வெயிலில் நின்று, சுடலையின் நம்பரைப் போட்டாள். எடுத்தது அவன் தங்கை யோகப்பிரியா.

"அண்ணனா? அண்ணன் படுத்து பத்து மாசம் ஆச்சுக்கா. பக்கவாதம். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது கண்ணு. பேசறானா?"

"பேச்சு இல்ல. ஒடம்பு முழுக்க மரக்கட்டதான். ஆனா இந்தத் திங்கக்கெழம ராத்திரிலருந்து வலது கை மட்டும் அசையுதுக்கா. நிக்கவே மாட்டேங்கு. போர்வையப் போட்டுச் சொறியுதான். டாக்டரு நரம்புன்னு சொல்லுதாரு." குரலைத் தாழ்த்தினாள். "நகத்துக்குள்ள வெள்ளையா மரத்தூளு மாதிரி அடைஞ்சு கெடக்கு. தெனமும் கழுவி விடுதேன். மறுபடி வந்துருது."

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் நர்மதா ஆம்னி வேனை எடுத்துவிட்டாள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று ஏறி, தேவிகுளம் போய்ச் சேரும்போது மணி பத்தரை. அந்த நேரத்திலும் பனி இறங்கித் தேயிலைச் செடிகளுக்கு மேல் ஈரத்துணி மாதிரி படிந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரிசையில் கடைசி வீடு. விறகுப் புகை, ஈரச் சுவர், தைல வாசனை. யோகப்பிரியா கொழுந்து பறிக்கப் போகாமல் அவளுக்காகக் காத்திருந்தாள்.

சுடலை கட்டிலில் கிடந்தான். முப்பத்தைந்து வயசுக்காரன் அறுபது மாதிரி இருந்தான். கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்வைக்கு மேல் வலது கை மட்டும் தனியாக ஒரு பிராணி மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது. மூன்று இழுப்பு. பிறகு அசையாத வாயின் ஓரத்திலிருந்து ஒரு ஊதல். மூன்று இழுப்பு. போர்வை நைந்து, கீழே இருந்த பாயும் நைந்து, விரல் நுனிகள் சிவந்து போயிருந்தன.

நர்மதா ரமேஷ்குமாருக்குப் போன் பண்ணினாள். "ஏனுங்க, ஷெட்டுக்குப் போங்க. பாஸுகிட்ட போய் நின்னுட்டு என்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

கதவு கிறீச்சிட்டது. காற்றுச் சத்தம். பிறகு அவன் குரல் இறங்கிப் போய் வந்தது. "சொரண்டற மாதிரி கேக்குது அம்மிணி. நான் சொன்னனல்ல, எலிதான்."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் சுடலையின் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். அது திமிறியது. பத்து மாதமாகக் கிடையில் கிடக்கிறவனின் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? கட்டில் கால்கள் தரையில் உரசின. யோகப்பிரியா பயந்து போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். நர்மதா தன் முழு உடம்பையும் போட்டு அமுக்கினாள். கை நின்றது.

"இப்பொ?"

"நின்னுபோச்சு" என்றான் ரமேஷ்குமார். "ஆள் வந்த சத்தம் கேட்டு ஓடிருச்சாட்ட இருக்குது."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பயம் போன இடத்தில் பாவம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவன்தான். செய்யாத தப்புக்குத் துரத்தினோமோ, செய்த தப்புக்குத்தான் துரத்தினோமோ, எதுவானாலும் இவன் மனசு அந்த ஷெட்டை விட்டு வரவில்லை. அவன் காதோரம் குனிந்தாள்.

"சுடலை. நான் பேசுனது தப்புதான். மனசுல வெச்சுக்காத. போதும், உட்டுரு. பலகை தாங்காது."

அவன் கண் மெல்லக் கூரையிலிருந்து இறங்கி அவள் முகத்துக்கு வந்தது. அவள் பிடிக்குள் அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கை முழுக்க ஈரத்துணி மாதிரி தொய்ந்து போனது.

"அம்மிணி" என்றான் ரமேஷ்குமார் போனில். "மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். சுடலையின் கை இன்னும் அவற்றுக்குள்தான் இருந்தது. அசையாமல்.

"போனைக் கிட்ட வைங்க."

வைத்தான். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் அவள் காதுக்குள் வந்தது. மூன்று இழுப்பு இல்லை இப்போது. நீளமாக ஐந்து இழுப்பு. அவசரமே இல்லாமல். பிறகு ஒரு நிறுத்தம். பிறகு விரல் முட்டியால் பலகையில் இரண்டு தட்டு.

ஐந்து இழுத்து இரண்டு தட்டிக் கேட்பது அவளுடைய வழக்கம்.

சுடலையின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. உதடு ஒருமுறை கோணியது. சொல் வரவில்லை. பிறகு, நாலு நாளுக்கப்புறம் முதன்முறையாக, அவன் தூங்கிப் போனான்.

"நீங்க வந்து தொட்டதும் நின்னுருச்சேக்கா!" யோகப்பிரியா அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒரு வாய் கட்டன் டீ குடிச்சிட்டுப் போங்கக்கா."

நர்மதா குடிக்கவில்லை.

மலை இறங்குகிற வரைக்கும் சிக்னல் இல்லை. வளைவுக்கு வளைவு ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. ஏழரையில் நிறுத்திவிட்டேன் என்றான். நிறுத்தித்தான் இருந்தான். மீதியைச் சுரண்டியது அவனில்லை, பெட்டிக்குள் இருந்தது. அந்த நாலு மாதமும் டிஜோ வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணுவான், "தெனமும் நன்னாயிட்டு வருது சேச்சி, மரம் தானே பாடுது" என்று சந்தோஷப்படுவான். தானே. தினமும். மெலிய மெலியச் சத்தம் அழகாகத்தான் வரும், பிளக்கிற நாள் வரைக்கும். உள்ளே இருந்தது அன்றைக்குப் பிளந்துகொண்டு எங்கே போயிற்று? திரும்பி வந்த துண்டுகளை அவள் எங்கே வைத்தாள்? ஷெட்டில். அதே மூலையில், ஒரு வருஷமாக.

போய் உடனே பெட்டியை எரித்துவிட வேண்டும். பிரிக்கக் கூடாது. அப்படியே எரிக்க வேண்டும்.

உடுமலையில் சிக்னல் வந்தது. ரமேஷ்குமாரின் மெசேஜ் ஒன்று, மூன்று மணிக்கு அனுப்பியது. *அனந்தநாராயணன் சார் இன்னைக்கே வந்துட்டாரு அம்மிணி. ஆசையா கேட்டாரு. ஷெட்டைத் தொறந்து உட்டிருக்கேன். நான் ஷிப்டுக்குக் கெளம்பறேன்.*

அனந்தநாராயணனுக்குப் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதுதான் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்கின் ரெக்சின் உறை ஓரிடத்தில் கிழிந்து பஞ்சு தெரிந்தது. அவள் வலது கை அதன் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நீளமாக. ஐந்து முறை. நகத்துக்குள் கறுப்புத் தூள்.

கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு கையால் ஓட்டினாள்.

கஞ்சிக்கோடு வந்து சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. காற்று இல்லை. வேனை அணைத்ததும் அது காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலில் வந்தது. நிலத்துக்கு அடியில் ஆறு ஓடுகிற மாதிரி ஒரு சுரம். அப்புறம் இன்னொன்று. மார்புக்கூட்டுக்குள் புகுந்து எலும்பை எல்லாம் மெல்ல நடுங்க வைத்தது. அப்படியொரு சத்தத்தை அவள் பிறந்தது முதல் கேட்டதில்லை. பதினாலு வருஷமாகத் தட்டித் தட்டித் தேடியது அதைத்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் வாசலில் நின்று கேட்டாள். அது நிற்கக் கூடாது என்று நினைத்தாள்.

உள்ளே ஓடினாள்.

ட்யூப்லைட் போடவில்லை. இருட்டில் அனந்தநாராயணன் பாஸை அணைத்தபடி நின்றிருந்தார். நாலு கம்பியும் ஏறியிருந்தன. குதிரை நின்றிருந்தது. வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"வாங்கோ நர்மதா! என்னத்தைப் பண்ணி வெச்சிருக்கேள்? நான் செத்தாலும் இதை விட மாட்டேன் கேட்டேளா."

"கம்பி யாருங்க சார் போட்டது?"

"நான்தான். குதிரையைக் கழட்டி வெச்சிருந்தேளே, நேக்குப் பொறுக்கலை."

"போஸ்ட்டு?" நர்மதா ஓரடி கிட்டே வந்தாள். "உள்ள போஸ்ட்டு இல்லீங்களே சார்."

"இல்லாம பின்னே? பல்பை விட்டுப் பார்த்தேன். என்னமோ மறைச்சுண்டு சரியாத் தெரியலை. தட்டிப் பார்த்தேன், பாறை மாதிரி நின்னுண்டிருக்கு. ஒருத்தர் தாங்கிப் பிடிச்சாப்பல."

அவள் மேஜையைப் பார்த்தாள். நேற்று அவள் எடுத்து வைத்த இடத்திலேயே போஸ்ட் கிடந்தது. தரையில், துணியில், அவர் செருப்பைச் சுற்றி, கணுக்கால் உயரத்துக்கு வெள்ளைச் சுருள்.

"சார். வாசிக்காதீங்க. கீழ வெச்சுட்டு இங்க வந்துருங்க."

"ஒரே ஒரு தரம். நீங்க கேக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு வில்லை வைத்தார்.

அவர் உள்ளே விட்ட பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. துளையிலிருந்து வயர் வெளியே தொங்கியது. வெளியே கடைசி வெளிச்சமும் போனபோது, மேல் பலகை முழுவதும் சிவப்பாகத் துலங்கியது. டார்ச்சைப் பொத்தின உள்ளங்கை மாதிரி. அவ்வளவு மெல்லிசு. அப்பளம்கூட அவ்வளவு மெல்லிசு இல்லை. அதன் மேல் ஒரு ஆள் ஏறி நிற்கிற பாரம் இறங்கிக்கொண்டிருந்தது. அது பிளக்கவில்லை.

குதிரையின் இரண்டு காலுக்கும் அடியில் இரண்டு நிழல்கள்.

விரித்த உள்ளங்கைகள். உள்ளேயிருந்து பலகையில் அழுந்தி. பத்து விரலும் தெரிந்தன. நுனிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. இரண்டுக்கும் நடுவில், பலகையோடு ஒட்டி, வட்டமாக ஒன்று. ஒரு காது.

நர்மதா கத்த வாயைத் திறந்தாள். சுரம் அவள் சத்தத்தை விழுங்கிவிட்டது. அவரைத் தொட்டு இழுத்தால் பாஸ் சாயும். சாய்ந்தால் பிளக்கும். விளக்கை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இதை அவர் பார்க்கக் கூடாது. பாய்ந்து வயரைப் பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை.

உள்ளேயிருந்து வயரை மெல்ல இழுத்தது. ஒரு சாண். அவள் கையில் வழுக்கியது. இன்னொரு சாண். குதிரைக்கு அடியில் ஒரே ஒரு உள்ளங்கைதான் இருந்தது இப்போது. இன்னொன்று பல்பிடம் போயிருந்தது. வெளிச்சத்துக்குக் கிட்டே வர வர அதன் நிழல் பெரிதானது. விரல்கள் பலகை நெடுக வளர்ந்தன. இடுப்பு வளைவைத் தாண்டின. தோள் வரைக்கும் ஏறின. அனந்தநாராயணனின் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில், பலகை முழுவதையும் நிறைத்துக்கொண்டு அந்தக் கை விரிந்தது.

அவர் கண்ணைத் திறக்காமல், சிரித்தபடி, வில்லைத் திருப்பி இழுத்தார்.